ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு காத்தாடி

உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் சுற்றும் காற்றாலைக் காத்தாடிகளில் ஒன்று, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியுடையது. 350 கிலோவாட் திறன் கொண்டது. 2006-ல் 1 கோடியே 55 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனதுதான் இதற்குக் காரணம்.

சரி, காத்தாடியை ஏன் மைவாடியில் நட்டார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைந்து, இந்தப் பக்கம் வேகமாக வெளியே வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால் காற்று கொஞ்சம் கூடுதலாக வீசும் இடம்கூட வருமானத்தில் பெரிய வித்தியாசம் காட்டும். ஆடி மாதம் ஓடுகிற ஓட்டம் ஐப்பசியில் இருக்காது. ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 30 லட்சம் யூனிட் வரவேண்டிய இயந்திரம், உண்மையில் தருவது ஏறத்தாழ 6.75 லட்சம். அதுவே ஊருக்குப் போதும். ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட்தான், மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை.

காற்றாலை வரப்போகிறது என்றால் ஊரில் முதலில் பேசப்படுவது வேலைவாய்ப்பு. கிரேனும் லாரியும் வந்துபோகும் மாதங்களில் வேலை இருக்கும், டீக்கடையிலும் வியாபாரம் நடக்கும். அப்புறம் சில தொழில்நுட்பப் பணியாளர்களும் காவலாளிகளும்தான். நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவருக்குப் பணம் வரும், கோபுரத்தைச் சுற்றி ஆடும் மேயும். ஆனால் ஊருக்குப் பொதுவாக என்ன கிடைக்கும்?

ஸ்காட்லாந்தில் அரசு ஒரு அளவுகோலைப் பரிந்துரைத்திருக்கிறது: காற்றாலை நிறுவனங்கள் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தர வேண்டும். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு மெகாவாட் இயந்திரம் ஆண்டுக்கு 20 லட்சம் யூனிட் தருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், யூனிட்டுக்குக் கால் பென்னிதான் (ஒரு பவுண்டுக்கு நூறு பென்னி) வருகிறது. அதே நாட்டில் கிகா என்ற சின்னத் தீவின் மக்கள் 2002-ல் தீவையே விலைக்கு வாங்கினார்கள். பிறகு 225 கிலோவாட் திறனுள்ள மூன்று பழைய காத்தாடிகளை வாங்கி நட்டார்கள். அந்த வருமானம் இடிந்து கிடந்த வீடுகளைச் சீரமைக்கப் போனது.

ஓடந்துறையும் கிகாவும் காட்டுவது ஒன்றுதான்: இயந்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, காற்றின் காசு அவர்களுக்குத்தான். உங்கள் ஊரில் திட்டம் வந்தால், கிராம சபையில் வேலை எத்தனை பேருக்கு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊராட்சி பெயரில் ஒரு இயந்திரம் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். எப்படியும் சாலை போடப்போகிறார்கள், மின்பாதை இழுக்கப்போகிறார்கள், கிரேனும் வரப்போகிறது. கூடுதலாக ஒன்றை நட அப்போது ஆகும் செலவு, பிறகு தனியாக நடுவதைவிடக் குறைவு.