இரண்டாம் மாடிக்குக் கூடை ஏற்ற எந்த மோட்டார் வாங்குவது?

தெருவில் காய்கறி வண்டி வந்து நிற்கும், மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். காசு கீழே போகும், கத்தரிக்காய் மேலே வரும். இதை ஒரு சின்ன மோட்டாரை வைத்து இழுத்தால் என்ன என்று யோசிப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஆறு கிலோ தூக்குமா?" கடைக்காரரும் பாவம், என்ன சொல்வார்? தகுந்த கியர் இருந்தால் பொம்மைக் கார் மோட்டார்கூட ஆறு கிலோவைத் தூக்கிவிடும். மேலே வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதுதான் கேள்வி.

அதனால் கணக்கைக் கயிற்றிலிருந்து தொடங்குவது நல்லது. கூடையும் காயும் சேர்த்து 6 கிலோ, ஏற வேண்டிய உயரம் 6 மீட்டர், நேரம் 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 15 செ.மீ. கயிற்றில் விழும் இழுவை ஏறக்குறைய 59 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் தேவையான திறன் 9 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு எல்.ஈ.டி. பல்பு எடுக்கிற அளவுதான். ஆக, திறன் நமக்குப் பிரச்சினையே இல்லை.

அடுத்தது, கயிறு சுற்றும் உருளை. அதன் ஆரம் 2.5 செ.மீ. என்றால், 6 கிலோவை 2.5 ஆல் பெருக்க வேண்டும்: 15 கிலோ-செ.மீ. இதுதான் முறுக்குவிசை, கடைப்பேச்சில் டார்க். நம்மூர் மோட்டார் கடைகளில் டார்க்கை இந்த அலகிலேயே சொல்வதால் மாற்றிக் கணக்கிடும் வேலை மிச்சம். உருளையின் சுற்றளவு 15.7 செ.மீ.; ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 57 சுற்று வேண்டும். ஆரத்தை இரட்டிப்பாக்கினால் டார்க் 30 ஆகும், சுற்று பாதியாகும். பெருக்குத்தொகை மாறாது.

உருளையின் அகலத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 4 மி.மீ. கயிற்றை 5 செ.மீ. அகல உருளையில் சுற்றினால் ஓர் அடுக்குக்குப் பன்னிரண்டு சுற்றுதான் பிடிக்கும். ஆறு மீட்டர் கயிறும் ஏறும்போது மூன்றாவது அடுக்கு வந்துவிடும்; அப்போது கயிற்றின் மையம் அச்சிலிருந்து 3.5 செ.மீ. தள்ளி இருக்கும். 15 என்று தொடங்கிய டார்க், கூடை பால்கனியை நெருங்கும்போது 21 ஆகியிருக்கும். கீழே சுலபமாகக் கிளம்பிய மோட்டார் மேலே வந்து முனகுவது இதனால்தான்.

சரி, 21 கிலோ-செ.மீ. என்று எழுதியிருக்கும் கியர் மோட்டாரை வாங்கிவிடலாமா? கூடாது. அந்த எண் பெரும்பாலும் ஸ்டால் டார்க், அதாவது மோட்டார் சுற்ற முடியாமல் திணறி நிற்கும் நிலையில் தரும் உச்ச விசை. பிரஷ் உள்ள டி.சி. மோட்டாரில் சுமை கூடக் கூட வேகம் நேர்கோட்டில் குறையும். ஸ்டால் டார்க்கில் முக்கால் பங்கைச் சுமத்தினால் சுமையில்லாத வேகத்தில் கால் பங்குதான் மிஞ்சும். வெப்பமோ அதைவிட மோசம். மோட்டார் சுழலும்போது தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. நின்றுவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். சுருளின் மின்தடை 1 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் பாயும். சுருளில் மட்டும் 144 வாட் வெப்பம். அதே மோட்டார் ஒழுங்காக ஓடும்போது 2 ஆம்பியர் எடுத்தால் 4 வாட்தான். முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். எனவே நம் தேவையைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஸ்டால் டார்க் உள்ளதைத் தேடுங்கள். இங்கே 60 முதல் 80 கிலோ-செ.மீ.

இதுவரை தூக்குவதைப் பற்றிப் பேசினோம். என் கணிப்பில் மோட்டாரைத் தேர்வு செய்யும் கேள்வி வேறு: பாதி வழியில் கரண்ட் போனால் கூடை என்ன ஆகும்? 1854இல் நியூயார்க் கண்காட்சியில் லிஃப்ட் செய்பவரான எலைஷா ஓட்டிஸ் மேடையில் ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொன்னது இந்தக் கேள்விக்காகத்தான். பாரம் தூக்கும் எந்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. கயிறு அறுந்தாலும் விழாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் அவர் காட்டினார்.

சாதாரணப் பல்சக்கர கியர் மோட்டாரில் மின்சாரம் நின்றால் கூடையின் எடை மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றும். மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் அது ஜெனரேட்டராக மாறித் தன்னையே பிரேக் போடும். ஆனாலும் கூடை நிற்காது, மெதுவாக இறங்கும். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் பிடித்து நிற்கும்தான். நிற்பதற்கும் மின்சாரம் கேட்கும். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார் பெரும்பாலும் அரைச் சுற்றோடு முடிந்துவிடும், கயிறு சுற்ற ஆகாது.

மீதி இருப்பது வார்ம் கியர். திருகாணி போன்ற தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். பல வார்ம் கியர்களில் சக்கரத்தால் தண்டைத் திருப்பிச் சுழற்ற முடியாது. எப்படி? ஏறும்போது மோட்டார் தரும் வேலை இரண்டாகப் பிரிகிறது: கூடைக்கு ஒரு பங்கு, உராய்வுக்கு ஒரு பங்கு. இறங்கும்போது வேலையைத் தருவது கூடை. அது அசையாமல் நிற்க வேண்டுமானால், கூடை தரக்கூடிய வேலை முழுவதையும் உராய்வே விழுங்க வேண்டும். அப்படியானால் ஏறும்போதும் உராய்வின் பங்கு கூடையின் பங்குக்குக் குறையாது. அதாவது தானே பூட்டிக்கொள்ளும் கியரின் பயனுறுதிறன், கொடுத்த வேலையில் பயனாகும் பங்கு, பாதியைத் தாண்டாது. குறை என்று நினைக்கும் அந்த இழப்புதான் கூடையைப் பிடித்து வைத்திருக்கிறது. மோட்டாரின் சொந்த இழப்பும் சேர்ந்து, நம் 9 வாட்டுக்கு பேட்டரியிலிருந்து 30, 35 வாட் போகும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். நாற்பது விநாடிக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அதிர்வு இருந்தால் வார்ம் கியரும் மெல்ல நழுவும் என்பதால், ஆளை ஏற்றும் எண்ணமே வேண்டாம்.

வார்ம் கியரோடு மலிவாகக் கிடைப்பது பழைய கார் வைப்பர் மோட்டார். சென்னையில் என்றால் புதுப்பேட்டை. 12 வோல்ட், நிமிடத்துக்குச் சுமார் 45, 65 என இரண்டு வேகம். நமக்கு வேண்டிய 57 நடுவில்தான் இருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. பல வைப்பர் மோட்டார்களில் உலோக உடம்பே நெகட்டிவ். கூடையை இறக்க முனைகளை மாற்றிக் கொடுத்தால் உடம்பு பாசிட்டிவ் ஆகிவிடும். பால்கனி கம்பியில் நேராக முடுக்கியிருந்து, பேட்டரியின் நெகட்டிவும் அதே கம்பியைத் தொட்டால் ஷார்ட்தான். மரப்பலகையில் பொருத்திவிட்டு, பலகையைக் கம்பியில் கட்டுங்கள்.

மேல் முனையில் ஒரு லிமிட் சுவிட்ச் அவசியம். கூடை வந்து தட்டியதும் மின்சுற்று திறக்கும், மோட்டார் நிற்கும். அப்புறம் எப்படி இறக்குவது? சுவிட்சின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள். ஏற்றும் மின்னோட்டத்தை அது மறிக்கும், இறக்கும் மின்னோட்டத்தை விடும். டயோடு 6 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். சுவிட்ச் பழுதானாலும் மோட்டார் கருகாமலிருக்க, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போதும்.