இன்வாய்ஸில் மாறும் கணக்கு எண்: ஏற்றுமதிக் கம்பெனிகளைக் குறிவைக்கும் மின்னஞ்சல் மோசடி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கப்பலேறிவிட்டது, பணம் வர 60 நாள் தவணை. கெடு நெருங்கும்போது வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது: "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள்." இன்வாய்ஸ் எண், தொகை, கம்பெனி முத்திரை, வழக்கமாக எழுதும் மெர்ச்சண்டைசரின் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்) பெயர் எல்லாம் சரி. கணக்கு எண் மட்டும் வேறு. அவர் அனுப்பிவிடுகிறார். "பணம் இன்னும் வரவில்லையே" என்று ஆம்பூரிலிருந்து கேட்கும்போதுதான் இரண்டு பக்கமும் விழிக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கப் பரவியிருக்கும் தோல் வியாபாரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற மோசடி இது. பெரிய தொகை, நீண்ட தவணை, தூர தேசத்து வாடிக்கையாளர், எல்லாப் பேச்சும் மின்னஞ்சலில். தவணை நீள நீள, திருடனுக்குப் பணத்தை நகர்த்த அவகாசம் கூடுகிறது. சின்ன ஊர்க் கம்பெனிகள்தான் ஏமாறும் என்றும் நினைக்க வேண்டாம். 2013 முதல் 2015 வரை கூகுளும் ஃபேஸ்புக்கும் இதே வழியில் 10 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. லித்துவேனியாக்காரர் ஒருவர், அவர்களுக்குச் சாதனங்கள் தயாரித்துக் கொடுத்த தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து பொய் இன்வாய்ஸ்களை அனுப்பியிருந்தார். 2019-இல் அவருக்கு 5 ஆண்டு சிறை கிடைத்தது.

திருடனுக்கு இன்வாய்ஸ் எண் எப்படித் தெரியும்? பெரும்பாலும் அதற்கு முன்பே யாரோ ஒருவரின் அஞ்சல் பெட்டிக்குள் அவன் புகுந்திருப்பான். "திருத்திய ஆர்டர் ஷீட்" என்று ஓர் இணைப்பு வரும். அழுத்தினால் மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுளின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். பாஸ்வேர்டைப் போட்டதும் அது அவன் கைக்குப் போய்விடும். ஓடிபி இருந்தால் போதும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இப்போதைய போலிப் பக்கங்கள் நடுவில் நின்று, நீங்கள் தட்டும் ஓடிபியையும் அந்த நொடியே உண்மையான தளத்துக்குக் கடத்திவிடுகின்றன. பாஸ்வேர்டுக்குப் பதில் ஃபோனோ கணினியோ தன்னுள் வைத்திருக்கும் மறைச்சாவியான பாஸ்கீயும், கணினியில் செருகும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் இதற்கு மசியாது. அவை எந்தத் தளத்துக்காகப் பதிவு செய்யப்பட்டனவோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். மனிதக் கண்ணை ஏமாற்றும் போலிப் பக்கம் அவற்றை ஏமாற்றாது.

உள்ளே வந்தவன் உடனே எதையும் செய்வதில்லை. படிக்கிறான். யார் யாருக்கு எழுதுகிறார்கள், எந்த இன்வாய்ஸ் நிலுவையில் இருக்கிறது, மெர்ச்சண்டைசர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்துக்கொள்கிறான். அப்புறம் அஞ்சல் பெட்டியில் சத்தமில்லாமல் ஒரு விதியை அமைக்கிறான்: குறிப்பிட்ட வாடிக்கையாளரிடமிருந்து வரும் கடிதங்கள் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போகட்டும், அல்லது ஒரு நகல் வெளி முகவரிக்குப் போகட்டும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அழியாது. சந்தேகம் வந்தால் முதலில் அமைப்புகளுக்குள் போய் ஃபார்வர்டிங் விதிகளைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அனுப்புநர் முகவரியைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வெளியானது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இடையே கடிதம் போனால் போதும் என்றிருந்த காலம். தபால் உறையின் பின்னால் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் விசாரிக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பது போல, அந்த நெறிமுறையும் அனுப்புநர் பெயரைச் சரிபார்ப்பதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு மூன்று ஏற்பாடுகள் வந்தன. எங்கள் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடுவது டிகேஐஎம். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தக் கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது டிமார்க். மூன்றையும் அமைக்கத் தனிச் செலவு கிடையாது. விவரம் தெரிந்தவருக்குச் சில மணி நேர வேலை. ஆனால் டிமார்க்கை "எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையிலேயே விட்டுவிடும் கம்பெனிகள் நிறைய. அப்படி விட்டால் பொய்க் கடிதத்தை அது தடுக்காது.

மூன்றும் சரியாக இருந்தாலும் ஒரு சந்து மிச்சமிருக்கிறது. திருடன் உங்கள் டொமைனைத் தொடாமல், அதைப் போலவே தோன்றும் இன்னொன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் ஒன்றுபோலத் தெரியும். அந்தப் போலி டொமைனுக்கு அவனே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்வான். சோதனை எல்லாம் பாஸ்.

அதனால் கடைசிக் காவல் பணம் அனுப்பும் இடத்தில்தான் இருக்கவேண்டும். காலங்காலமாக வங்கிகள் பணத்தைச் சேர்ப்பது கணக்கு எண்ணைப் பார்த்து; பெயர் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். இப்போது இது மாறிவருகிறது. இந்தியாவில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. யூரோ நாடுகளிலும் 2025 அக்டோபர் முதல் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி சொல்லியாகவேண்டும். ஆனால் அது யூரோ பரிமாற்றங்களுக்கு. டாலராக வேறொரு கண்டத்துக்குப் போகும் பணத்துக்கு அந்தக் காவல் இல்லை.

ஆகவே, கணக்கு எண் மாற்றம் என்று கடிதம் வந்தால் பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்கு ஃபோன் செய்து கேட்க வேண்டும். கடிதத்திலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்கு அடித்தால் திருடனே எடுத்து "ஆமாம் சார்" என்பான். "எங்கள் வங்கிக் கணக்கை மின்னஞ்சலில் மாற்றமாட்டோம்" என்று வாடிக்கையாளரிடமும் முதல் ஆர்டரின்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். இது எளிது. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: "முதலாளி அவசரம் என்றால் கேள்வி கேட்காதே" என்று பழகிய அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பிள்ளை எப்படி ஃபோன் எடுக்கும்? சுவரில் விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டுவதைவிட, "என்னிடமிருந்தே கடிதம் வந்தாலும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேள்" என்று முதலாளி தன் வாயால் சொல்வதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வேறு வகைத் தாக்குதல். 1989-இலேயே எய்ட்ஸ் ஆராய்ச்சித் தகவல் என்ற பெயரில் ஃப்ளாப்பி அனுப்பி, கணினியை முடக்கி, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னான் ஒருவன். அதன் பூட்டு பலவீனமானது, சீக்கிரமே உடைத்துவிட்டார்கள். இன்றைய நிரல் கோப்புகளை வேகமான ஒரு சாவியால் பூட்டி, அந்தச் சாவியையே இன்னொரு பொதுச் சாவியால் பூட்டிவிடுகிறது. இரண்டாவதைத் திறக்கும் தனிச்சாவி திருடனிடம் மட்டும் இருக்கிறது. நிரலில் பிழை இருந்தாலொழிய கணக்குப் போட்டு உடைக்க முடியாது. டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சர்வீஸ் செய்பவரின் வசதிக்காக இணையத்துக்குத் திறந்துவைத்த ரிமோட் டெஸ்க்டாப் (வெளியிலிருந்தே கணினியை இயக்கும் வசதி), அப்டேட் போடாத விண்டோஸ் இவையே வழக்கமான வாசல்கள். 2017 மே மாதம் 150 நாடுகளில் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் மருந்து கொடுத்திருந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ரான்சம்வேரால் முடங்கி நாள்கணக்கில் கையால் எழுதியே வேலை பார்த்தது, வேலூர் போன்ற மருத்துவமனை ஊர் மறக்கக்கூடாத சம்பவம்.

இங்கே காப்பாற்றுவது பேக்கப்தான். ஆனால் கணினியிலேயே எப்போதும் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும். கழற்றி வைக்கும் நகல் ஒன்று வேண்டும், வேறு கட்டடத்தில் ஒன்று வேண்டும். அவற்றிலிருந்து டேலி கணக்கை உண்மையிலேயே மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்கவும் வேண்டும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியவேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய பணமென்றால் அவருடைய வங்கிதான் திரும்பக் கேட்கவேண்டும், அங்குள்ள காவல்துறையிலும் அவரே புகார் தரவேண்டும். அந்தப் பொய்க் கடிதத்தை அழித்துவிடாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட்டும் போதாது. எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்ற தடம் மூலக் கடிதத்தின் ஹெடர் என்ற மறைவான தலைப்புப் பகுதியில்தான் (பொருள் வரி அல்ல) இருக்கிறது.