வானிலை அறிக்கையில் கைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தான்

வானிலை வாசிப்பவர் கையை வீசி மேகத்தைக் காட்டும்போது அவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் பச்சைச் சுவர்தான். பலருக்கும் இது தெரியும். ஆனால் வரைபடங்களை மாற்றுவது யார் என்று கேட்டால், "உள்ளே யாராவது மாற்றுவார்கள்" என்பார்கள். பல நிலையங்களில் மாற்றுபவர் அவரேதான். மடக்கிய உள்ளங்கைக்குள் கிளிக்கர் என்ற ஒரு சின்ன ரிமோட் இருக்கும்.

அழுத்தினால் ரேடியோ சிக்னல் ரிசீவருக்குப் போகும். அங்கிருந்து கணினிக்குக் கட்டளை போய், வரிசையாக அடுக்கி வைத்த படங்களில் அடுத்தது வரும். சில இடங்களில் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு மட்டும் எரியும். அதைப் பார்த்து அங்கிருப்பவர் படத்தை மாற்றுவார். பல கிளிக்கர்களில் ஒரே ஒரு பொத்தான் வைப்பதற்கும் காரணம் உண்டு. வாசிப்பவர் கையைக் குனிந்து பார்க்க முடியாது. கண் கேமராவிலோ பக்கத்து மானிட்டரிலோ இருக்கும். பெரும்பாலும் எழுதி வைத்த வசனமும் கிடையாது. படத்தைப் பார்த்துத்தான் பேச்சு ஓடுகிறது.

வானிலை கிராபிக்ஸில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இரட்டை அழுத்தம் பற்றித்தான். அழுத்தியதற்கும் மானிட்டரில் படம் மாறுவதற்கும் நடுவே ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் இருக்கும். நேரலையில் அதுவே நீளமாகத் தெரியும். "வேலை செய்யவில்லையோ" என்று விரல் மறுபடி அழுத்திவிடும். இரண்டு அழுத்தமும் போய்ச் சேரும். வாய் "இன்று இரவு மிகக் கனமழை" என்கிறது, திரையில் நாளைய வெப்பநிலை நிற்கிறது. ஒற்றைப் பொத்தான் கிளிக்கரில் பின்னால் போக வழி இல்லை. வெயில் நாளில் இதைச் சிரித்துச் சமாளிக்கலாம். புயல் நாளில் அப்படியில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் படம்தான் செய்தி.

அதனால் அழுத்திவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள், படம் வந்து சேர்ந்துகொள்ளும். சுட்டிக் காட்டும் கையில் கிளிக்கர் வேண்டாம். படம் தாண்டிவிட்டால் மழுப்பாமல், "எச்சரிக்கைப் படத்தை மறுபடி பார்ப்போம்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். உள்ளே இருப்பவருக்கும் அதுவே சைகை. நாங்களும் எங்கள் பங்குக்கு எச்சரிக்கைப் படத்தை வரிசையின் தொடக்கத்திலும் கடைசியிலும் வைக்கிறோம். அடுத்தடுத்து வரும் இரண்டாவது அழுத்தத்தைக் கணினி கண்டுகொள்ளாதபடி அமைக்கவும் முடியும். ஏனோ பலர் அதைச் செய்வதில்லை.

அப்புறம் பேட்டரி. அது முழுசாகச் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பாதி உயிரோடு இருப்பதுதான் தொல்லை: ஓர் அழுத்தம் போகும், அடுத்தது போகாது. எச்சரிக்கை உள்ள நாளில், நன்றாக வேலை செய்தாலும் நிகழ்ச்சிக்கு முன்பே மாற்றிவிடுங்கள். கட்டுப்பாட்டு அறையிலும் ஒருவர் விசைப்பலகை அருகில் தயாராக இருக்க வேண்டும்.

பார்ப்பவர்களுக்கும் ஒன்று. சொல்வதும் காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்றால், வரைபடத்தில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். திரையைப் போனில் படமெடுத்து அனுப்புவதாக இருந்தால், அந்தத் தேதியும் நேரமும் படத்துக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.