எவர்சில்வர் கத்தியா, இரும்புக் கத்தியா?

வாழைப்பூவை இரும்புக் கத்தியால் அரிந்துவிட்டுக் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். அலகு கருநீலமாகியிருக்கும். பூவின் துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்து ஏற்றிய கறை அது. துவர்ப்பான கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியதும் இதே வித்தைதான். இந்தக் கறையைத் துரு என்று நினைத்து உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தேவையில்லை. அந்தக் கறுப்புக் கறை அலகோடு ஒட்டிக் கிடக்கும். செந்துருதான் வில்லங்கம். அது பருத்து, பொருக்காக உதிர்ந்து, அடியில் இருக்கும் இரும்புக்குத் தண்ணீர் போக வழி விட்டுக்கொண்டே இருக்கும்.

எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. காற்று பட்டதும் அது சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலமாகி மேலே மூடிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் உடனே மறுபடி மூடும்.

அப்படியானால் தோட்டத்துக்கும் எவர்சில்வரே வாங்கிவிடலாமே? சாப்பாட்டுத் தட்டின் எவர்சில்வரில் கத்தி செய்தால் முதல் கிளையிலேயே முனை மடங்கிவிடும். எஃகுக்குக் கடினம் தருவது கார்பன். தட்டில் அது இல்லாத குறைதான். சரி, கார்பனைக் கூட்டலாம் என்றால், அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடு துகள்களாகிவிடும். அப்படிச் சிக்கிய குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. அதனால் கத்திக்கான எவர்சில்வரில் குரோமியத்தைத் தாராளமாகவே போடுகிறார்கள். ஸ்வீடனின் 12சி27 என்ற கத்தி எஃகில் கார்பன் 0.6, குரோமியம் 13.5 சதவீதம். கார்பைடு துகள்கள் தேய்மானத்தைத் தாங்கும். சாணை பிடிக்கும்போது நம் கையையும் சோதிக்கும்.

நம் ஊர்ப் பட்டறை அரிவாள் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையிலிருந்து பிறக்கிறது. கார்பன் 0.5, 0.6 சதவீதம்தான். ஆனால் பள்ளத்தில் விழுந்து எழுந்தே வாழ்ந்த எஃகு, தேங்காய் மட்டையில் ஓங்கிப் போட்டாலும் முனை அவ்வளவு சீக்கிரம் தெறிக்காது. உலையில் சுமார் 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதற்கும் கொஞ்சம் மேலே போனதும், நிறத்தைப் பார்த்தே கொல்லர் எடுத்து நீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். திடீரென்று குளிர்வதால் கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு அதை விறைக்க வைக்கின்றன. அப்புறம் மறுபடி லேசாகச் சூடு காட்டி, நொறுங்கும் குணத்தைக் குறைப்பார்கள். எவர்சில்வருக்கு இந்தக் கண்ணளவு போதாது. கார்பைடுகள் கரைய 1,000 டிகிரிக்கு மேலே, அளந்த சூட்டில், அளந்த நேரம் வைக்க வேண்டும். கரி உலையில் அது நடக்கிற காரியமில்லை.

ஒரு மழைக்காலத்தில் என் எவர்சில்வர் கத்தியை ஈரத் தோலுறையில் செருகி மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து உருவினால், பிடியை ஒட்டி ஊசி குத்தியதுபோல் புள்ளிப் பள்ளங்கள். உறைக்குள் காற்றுப் புழக்கம் இல்லாவிட்டால் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. ஈரத்தில் உப்பும் இருந்தால் குளோரைடு அதைத் துளைத்துவிடும். அதே மழையில் ஆணியில் தொங்கிய இரும்பு அரிவாளில் மேலோட்டமான துரு மட்டும்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது.

தென்னை, வாழை, வேலி என்றால் நான் இரும்பைத்தான் எடுப்பேன். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ அரை நிமிடம் போதும். படகில் போகிறவர், மீன் அரிகிறவர், தினமும் எலுமிச்சை நறுக்குகிறவர் எவர்சில்வர் வாங்கட்டும். கடைக்காரர் ‘துருவே பிடிக்காது சார்’ என்றால், 12சி27 போல அது எந்த வகை எஃகு என்று கேளுங்கள்.