சல்லடை ஆடலாம், தளம் ஆடக்கூடாது

மதுரைப் பக்கம் அரிசி ஆலை, பருப்பு ஆலை கட்டுகிறவர்கள் அதிர்வுக்காக என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான். "சார், மேல நிக்க முடியல, போல்ட்டெல்லாம் கழண்டு வருது."

சல்லடையை மாடியில் வைப்பது தப்பில்லை. தானியம் தானாகக் கீழே இறங்க வேண்டுமே. ஆனால் அதைத் தாங்கும் இரும்புத் தளத்தை நிற்கும் எடைக்கு மட்டும் கணக்குப் பார்த்திருப்பார்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், சல்லடையை ஓட்டும் ஆறு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 960 சுற்று சுற்றும், நொடிக்கு 16. தளத்தின் இயல்பு அதிர்வெண்ணும் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) 16-ஐ ஒட்டி இருந்தால் ஒத்ததிர்வுதான், ஆட்டம் பல மடங்கு பெருகும். இரண்டுக்கும் நடுவே 20 சதவீதமாவது இடைவெளி விட வேண்டும். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு வேகத்தை மாற்றுவதாக இருந்தால், ஓடப்போகும் எல்லா வேகத்துக்கும் இதைப் பார்க்க வேண்டும்.

தளம் ஆடினால் உடனே அதன் மேல் கான்கிரீட் போடச் சொல்வார் ஓனர். எடை கூடினால் இயல்பு அதிர்வெண் குறையும். 19-இல் இருந்த தளம் 16-க்கு இறங்கி, முன்பைவிட மோசமாக ஆடும். அங்கே தேவை விறைப்பு: குறுக்கு பிரேசிங், ஆழம் கூடிய பீம், முடிந்தால் மெஷின் காலுக்கு நேர் கீழே தூண்.

அப்புறம், மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் மேட். கடையில் கிடைத்ததை வெட்டி வைத்துவிடுகிறார்கள். மெஷினின் எடையில் மேட் 1 மி.மீ. அமுங்கினால், கணக்குப்படி மேட் மேல் நிற்கும் மெஷினின் இயல்பு அதிர்வெண் நொடிக்குச் சுமார் 15.8 வரும். 960 சுற்று மெஷினுக்கு இதைவிடக் கெட்ட மேட் கிடையாது! அமுக்கம் 2 மி.மீ.க்கு மேல் போனால்தான் அதிர்வு குறையவே தொடங்கும்; உருப்படியாகத் தடுக்க 9 மி.மீ. அளவுக்கு அமுங்க வேண்டும். மேட்டால் அது ஆகாது, ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் வைத்தால் மெஷின் அசையும், எனவே அதோடு சேரும் குழாய்க்கு பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் இணைப்பு) போட வேண்டும். இல்லையென்றால் வெல்டிங்கில் விரிசல் விழும்.

தரையில் வைக்கும் மெஷினின் அடித்தளத்துக்கு ஐ.எஸ். 2974 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இன்னொரு தொல்லை: மழைக்கு மண் உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். அடித்தளம் அந்த அடுக்கைத் தாண்டிப் போகாவிட்டால் லெவல் கெட்டு, மெஷினின் ஒரு கால் தூக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் அந்தப் போல்ட் நிற்காது.

மெஷின் விற்பவரிடம் விலைப்பட்டியலோடு ஒரு தாளும் கேட்டு வாங்குங்கள்: ஓடும்போது வரும் விசை எவ்வளவு, எந்தத் திசையில், என்ன வேகத்தில். "வெயிட் இவ்வளவுதான் சார்" என்று மட்டும் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.