ஊசி போட்டால் முட்டை வந்துவிடாது

“ஒரு டோஸ் ஹார்மோன் ஊசி போட்டும் மீன் முட்டை விடலை. இன்னொன்று போடட்டுமா?” இந்தப் பருவம் முழுக்க இதே கேள்விதான். பாதிப் பேர் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். மறுநாள் தாய் மீன் வயிறு வீங்கிச் செத்துக் கிடக்கிறது. பல வருடம் வளர்த்த மீன், வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நீங்கள் போடும் ஹார்மோன் முட்டையை உண்டாக்குவதில்லை. முட்டை உருவாக மாதக்கணக்கில் ஆகும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் கல்லீரலைத் தூண்டும். கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்யும். அது இரத்தத்தில் கலந்து போய் ஒவ்வொரு முட்டையிலும் சேர வேண்டும். இதற்கு நல்ல தீனியும் காலமும் வேண்டும். எத்தனை ஊசி போட்டாலும் இந்த வேலையை ஒரே இரவில் முடிக்க முடியாது.

முட்டை வளர்ந்து முடிந்த பிறகு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் ஹார்மோனை ஒரேயடியாக வெளியிட்டால்தான் அது முதிர்ந்து உதிரும். ஊசியின் வேலை அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும்தான். மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு இரண்டு சேதி வருகிறது: ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் ‘எல்ஹெச்சை விடு’ என்கிறது, டோபமைன் என்ற பொருள் ‘விடாதே’ என்கிறது. கெண்டை இனங்களில் டோபமைனின் கை ஓங்கியிருக்கும். அதனால்தான் ஜிஎன்ஆர்ஹெச் போன்ற ஒரு பொருளோடு டோபமைனைத் தடுக்கும் டொம்பெரிடோனையும் சேர்த்துத் தருகிறோம். ஆமாம், வாந்திக்கு நாம் சாப்பிடும் மாத்திரையில் இருப்பதேதான். கொடுவா மீனுக்கு ஜிஎன்ஆர்ஹெச் வகை மருந்து மட்டுமே போதும். ஒரு மீனின் அளவை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

பிஞ்சு முட்டை உள்ள மீனுக்கு மேலும் மேலும் மருந்து ஏற்றினால் சினைப்பை நீர்கோத்து வீங்கும், முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். சாவு அப்படித்தான் வருகிறது.

வயிறு மெத்தென்று இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள். கொழுப்பு சேர்ந்தாலும் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். மெல்லிய குழாயால் கொஞ்சம் முட்டை எடுங்கள். எத்தனால் 6 பங்கு, ஃபார்மலின் 3 பங்கு, அசெட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கரைசலில் சில நிமிடம் போட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள். முட்டை தெளிந்து உட்கரு தெரியும். அது ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் சரி, ஊசி போடலாம். நடுவிலேயே இருந்தால், தயவுசெய்து அந்த மீனைக் குளத்திலேயே விட்டுவிடுங்கள். சில வாரம் நல்ல தீனி கொடுத்து அப்புறம் பாருங்கள்.

ஊசி போட்டபின் அவசரப்படவும் கூடாது, அசந்துவிடவும் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நீர் 25 டிகிரி செல்சியஸ் என்றால் ஊசி போட்டு ஏறத்தாழ 11 மணி நேரம் கழித்து வயிற்றை அழுத்தி முட்டையைப் பிதுக்கி எடுக்கலாம், 30 டிகிரி என்றால் 7 மணி நேரமே போதும். அதைத் தாண்டவிட்டால் முட்டை உள்ளேயே கெட்டுப்போகும். ஊசி போட்ட நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் எழுதி வைத்துக்கொண்டு போன் போடுங்கள், முதலில் அதைத்தான் கேட்பேன்.