மலைக்கு வெளியிலிருந்து வந்த விலங்குகள்: வன உயிரினச் சட்டத்தின் 62ஏ பிரிவு சொல்வது என்ன?

உதகை ஏரியில் சாதா கெண்டை துள்ளுவதைப் பார்ப்பவர்கள் அதை அந்த ஏரிக்கே உரிய மீன் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த ஏரியே 1820-களில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்டது. சாதா கெண்டையின் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கும் முன்னரே, 1907-இல், நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் என்னும் அயல்நாட்டு மீனுக்கான பண்ணை தொடங்கப்பட்டுவிட்டது. இவற்றைக் கொண்டுவந்தது அன்றைய அரசு நிர்வாகமே என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இன்றைய சட்டத்தைப் படிக்க வேண்டும்.

கெண்டை அடிமண்ணைக் கிளறி இரை தேடுவதால் நீர் கலங்குகிறது. நீர்த்தாவரங்கள் வேரோடு பெயர்கின்றன. வெளிச்சம் அடிவரை எட்டாமல் போகிறது. டிரவுட் ஊனுண்ணி, குளிர்ந்த ஓடைகளின் பூச்சிகளையும் சிறு மீன்களையும் தின்று வளர்வது. கொசுப்புழுக்களை ஒழிப்பதற்காக 1928-இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா என்னும் சிறு மீனோ கொசுப்புழுவோடு நிற்காமல் தவளை முட்டைகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்கிறது. வேறெங்கும் காணப்படாத தவளை இனங்கள் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது சிறிய கேடு அன்று.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய அயலினங்களுக்கெனத் தனிப் பிரிவு நெடுங்காலம் இல்லை. 2022-ஆம் ஆண்டின் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 62ஏ பிரிவைச் சேர்த்தது. இந்தியாவுக்கு உரியதல்லாததும், கொண்டுவரப்படுவதாலோ பரவுவதாலோ வன உயிர்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடியதுமான விலங்கோ தாவரமோ ஆக்கிரமிப்பு அயலினம் எனப்படும். அத்தகைய இனத்தின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை ஒன்றிய அரசு அறிவிக்கை வாயிலாக ஒழுங்குபடுத்தலாம் அல்லது தடைசெய்யலாம். அதிகாரம் பெற்ற அலுவலர் அவற்றைப் பறிமுதல் செய்து அழிக்கவும் செய்யலாம். சட்டத்தை மீறுவோருக்கான பொதுத் தண்டனை, மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு. முதலாவது ‘அறிவிக்கை’: எந்த இனம் என்று ஒன்றிய அரசு அறிவித்தால்தான் இப்பிரிவு செயல்படும், மாவட்ட ஆட்சியரோ வனச்சரகரோ இப்பிரிவின்கீழ் தாமாக ஓர் இனத்தைத் தடைசெய்துவிட முடியாது. (ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குள்ள தடை இப்பிரிவால் வந்ததன்று, அதற்கும் முந்தையது.) இரண்டாவது ‘இந்தியாவுக்கு உரியதல்லாத’ என்பது. கங்கைச் சமவெளியின் கட்லாவும் ரோகுவும் மலையணைகளில் விடப்பட்டால், அந்த நீர்நிலைக்கு அவை அயலானவையே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவை இந்திய மீன்கள். நாட்டின் எல்லையை ஆற்றுப்படுகையின் எல்லையாகக் கொண்ட இவ்வரையறை, மலைகளைப் பொறுத்தவரை போதாது என்பதே என் கருத்து. தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கையும் உண்ணிச்செடி, சீகை (வாட்டில்) போன்ற அயல் தாவரங்களைப் பற்றியதே. விலங்குகள் அதில் அடங்கா.

கால்நடைகளுக்கு வேறு விதி. 33ஏ பிரிவின்படி, சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை. தடுப்பூசி போடாத மாட்டைச் சரணாலயத்தில் மேய்ப்பது குற்றம். கோமாரி காட்டெருமைக்கும் தொற்றக்கூடியது என்பதால், 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் இதை உரிமையாகவே கேட்டுப் பெறலாம். கடமானைத் துரத்தும் தெருநாய்களோ 62ஏ பிரிவுக்குள் வருவதில்லை. அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டுள்ளன.

வீட்டில் இகுவானா, பந்து மலைப்பாம்பு, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலியவற்றை வளர்ப்போர் 49எம் பிரிவையும் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளையும் பின்பற்ற வேண்டும். பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களைப் பட்டியலிடும், சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ள விலங்கு கைக்கு வந்த முப்பது நாளுக்குள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், விலங்கு இறந்தாலும், பிறருக்குக் கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். வளர்க்க இயலாமல் போனால் ஏரியிலோ சோலையிலோ விட்டுவிடாமல், மாவட்ட வன அலுவலகத்தை எழுத்துமூலம் அணுகி, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும்.